பொத்தானின் பின்புறம்



நாணயம் சேர்ப்பவரையும் அஞ்சல் தலை சேர்ப்பவரையும் நம் நாட்டில் யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை; அவற்றில் அரசனுடைய தலையோ அரசாங்கத்தின் முத்திரையோ இருக்கிறது, ஆகவே அவற்றுக்குச் சரித்திரம் உண்டு என்று பள்ளிப் பிள்ளைகூட ஒப்புக்கொள்ளும். ஆனால் பழைய சட்டைப் பொத்தான்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவற்றைப் பற்றிப் பேச ஒருவன் மேடையேறுகிறான் என்றால், அவனுடைய பொழுதுபோக்கைக் குறித்து மட்டுமின்றி அவனுடைய புத்தியைக் குறித்தும் சபையோருக்கு ஒரு சந்தேகம் எழுவது இயல்பே. அவைத் தலைவர் அவர்கள் தம்முடைய முன்னுரையில் அந்தச் சந்தேகத்தை மிகுந்த நயத்தோடு மூடி மறைத்து என்னை அறிமுகம் செய்துவைத்தார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு என் நன்றி உரியது.

அழகான பொருளைச் சேர்ப்பதற்குச் சமாதானம் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பொத்தான்களில் அழகானவை ஏராளம். நெப்போலியனுடைய அரசவைச் சித்திரக்காரராகப் பின்னாளில் புகழ் பெற்ற ழான் பப்தீஸ்த் இசபே, இளமையில் வயிற்றுப்பாட்டுக்காகப் பொடி டப்பாக்களின் மூடிகளிலும் பொத்தான்களிலும் படம் எழுதிப் பிழைத்தவர். நியூயார்க்கில் உள்ள கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகத்தில், மேற்கிந்தியத் தீவு மக்களின் வாழ்க்கைக் காட்சிகள் தீட்டப்பெற்ற 18 பொத்தான்கள் இருக்கின்றன. ஹெய்ட்டியின் விடுதலை வீரர் டூசேன் லூவெர்த்தூரின் மேலங்கியை அவை அலங்கரித்தன என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை அவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மெய்யோ பொய்யோ, பார்க்கிறவன் நம்பவே ஆசைப்படுவான். லோயிக் அலியோ என்ற பிரெஞ்சுக்காரர் சேர்த்துவைத்த 3,000-க்கு மேற்பட்ட பொத்தான்களை அந்நாட்டு அரசாங்கம் 2011-இல் தேசத்தின் கலைச் செல்வமாக அங்கீகரித்தது. பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகம் அவற்றை வாங்கி, 2015-இல் ஒரு பெரிய காட்சியே நடத்தியது. ஆனால் இவையெல்லாம் பொத்தானின் முகத்தைப் பற்றிய சங்கதிகள். நான் இன்று பேச விரும்புவது அதன் முதுகைப் பற்றி.

ஒரு பொத்தானின் முகம் வாங்குகிறவனுக்காகச் செய்யப்பட்டது. அவன் கண்ணைக் கவர வேண்டும், அவனுடைய அந்தஸ்தை நாலு பேருக்கு அறிவிக்க வேண்டும் என்பதற்காகவே அதில் மெருகும் வர்ணமும் சித்திரமும் ஏறுகின்றன. துணியோடு ஒட்டிக் கிடக்கும் பின்புறத்தையோ, அதைத் தைக்கிறவரைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை. யாரும் பாராத இடமாகையால் அங்கே பாசாங்குக்கு வேலையில்லை. காது எனப்படும் கம்பி வளையத்தைப் பற்றவைத்த ஈயத்தின் திவலை, ரம்பம் பாய்ந்த கோடு, அச்சில் அழுத்தியபோது விழுந்த குழி, சிப்பியின் தோல் முழுதும் சீவப்படாமல் நின்றுவிட்ட மஞ்சள் திட்டு, உற்பத்திசாலையின் பெயர், சில வேளைகளில் ஒரு சட்டத்தின் நிழல்கூட அங்கேதான் தங்கியிருக்கிறது. ஆகவே, ஒரு பொத்தானைக் கையில் கொடுத்தவுடன் அதைத் திருப்பிப் பார்க்கிறவரே இந்தத் துறையில் தேர்ந்தவர் என்பது என் அபிப்பிராயம். முகத்தைப் பார்த்து ‘ஆகா’ என்கிறவர் நல்ல ரசிகர், அவ்வளவுதான்.

பொத்தான் பழையது, அதைச் சேர்க்கும் பழக்கம் புதியது. மொகஞ்சதாரோவில் சிப்பியில் அறுத்துத் துளையிட்ட பொத்தான் போன்ற வில்லைகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை அணிகலனாக இருந்திருக்கலாமே அன்றி, இன்று நாம் பூட்டுவதுபோல் பூட்டியவை என்று கொள்ள ஆதாரமில்லை. பொத்தானுக்கு உண்மையான உத்தியோகம் கிடைத்தது, ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டில் துணியிலே காஜா எடுக்கும் வித்தை பரவிய பிறகுதான். நம் தையற்காரர்கள் அலட்சியமாகச் செய்துவிடுகிற அந்தச் சிறு வேலை இல்லாமற்போனால், பொத்தான் வெறும் நகைதான். அதற்குப் பின்பும் அறுநூறு ஆண்டுகள், அது தொலைந்தால் தேடுவதற்கும் அறுந்தால் தைப்பதற்கும் உரிய பொருளாக இருந்ததே தவிர, சேர்ப்பதற்கு உரியதாக யாருக்கும் தோன்றவில்லை.

விக்டோரியா மகாராணியின் காலத்தில் அமெரிக்கப் பெண்களிடையே ஒரு விளையாட்டு இருந்தது. கன்னிப்பெண் ஒருத்தி, ஒன்றுபோல் மற்றொன்று இராத பொத்தான்களைத் தோழியரிடமும் உறவினரிடமும் கேட்டு வாங்கி நூலில் கோத்துக்கொண்டே வருவாள். 999 சேர்ந்துவிட்டால், ஆயிரமாவது பொத்தானை அவளுக்கு வரப்போகிற மணாளன் கொண்டுவருவான் என்பது நம்பிக்கை. அந்தக் கோவைகள் சில இன்றும் கலையாமல் கிடைக்கின்றன. எந்தக் காலத்தில் எந்த மாதிரிப் பொத்தான் புழக்கத்தில் இருந்தது என்பதற்கு அவற்றைக் காட்டிலும் நல்ல சாட்சி இல்லை. ஆதலால் ஒரு முழுக் கோவையைப் பிரித்துத் தனித்தனியாக விற்கிற வியாபாரியை நான் மன்னிப்பதில்லை.

சேகரிப்பு ஓர் ஒழுங்கான பொழுதுபோக்காக வளர்ந்தது 1930-களில், அமெரிக்காவில், அதுவும் பொருளாதார மந்தம் அந்நாட்டை வாட்டிக்கொண்டிருந்தபோது. சிகாகோவில் ‘ஹாபீஸ்’ என்ற பத்திரிகையை நடத்திவந்த ஓட்டோ லைட்னர் என்பவர், மனிதனாகப் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு சேகரிப்பு வேண்டும் என்று பிரசாரம் செய்தவர். கைப்பொருள் இல்லாதவர் எதைச் சேர்ப்பது? வீட்டுக்கு வீடு பாட்டியின் தகர டப்பா ஒன்று இருந்தது. கிழிந்த துணியைக் கந்தலுக்குப் போடுமுன் பொத்தான்களை அறுத்து அந்த டப்பாவில் போடுவது சிக்கனமுள்ள குடும்பங்களின் வழக்கம். காசு செலவில்லாமல் கையில் கிடைத்த அந்தப் பொக்கிஷத்திலிருந்துதான் இந்தப் பொழுதுபோக்கு கிளைத்தது. 1938-இல் தேசியப் பொத்தான் சங்கம் அங்கே தோன்றியது. லைட்னர் பின்னாளில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில் மூடிக்கிடந்த ஒரு பெரிய ஹோட்டலை வாங்கி அருங்காட்சியகமாக்கினார். அங்கே பொத்தான்களுக்கும் இடம் உண்டு. இங்கிலாந்தில், பொத்தானுக்கே தாயகம் என்று சொல்லத்தக்க அந்நாட்டில், இப்படியொரு சங்கம் ஏற்பட 1976 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்கச் சங்கத்தார் விதிகளில் பிரியமுள்ளவர்கள். போட்டிக்கு வைக்கும் பொத்தான்களை 9 அங்குல அகலமும் 12 அங்குல நீளமும் உள்ள அட்டையில் தைக்க வேண்டும்; முக்கால் அங்குலத்துக்கு மேற்பட்டது நடுத்தரம், ஒன்றேகால் அங்குலத்துக்கு மேற்பட்டது பெரியது; 1918-க்கு முன் செய்தவை ஒரு பிரிவு, பின் செய்தவை வேறு பிரிவு. இவையெல்லாம் ஒழுங்குக்கு உதவுகின்றன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அட்டையில் தைத்த பொத்தானின் முகம் மட்டுமே தெரிகிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நடுவர்கள் சந்தேகம் வந்தால் அவிழ்த்துப் பார்ப்பார்கள். பார்வையாளரோ அந்த அட்டைகளைச் சித்திரப் புத்தகம்போல் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இனி, முதுகு என்ன சொல்லுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். இதோ என் கையில் இருப்பது, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்று அகலமான ஒரு கோட்டுப் பொத்தான். முகத்தில் எந்தச் சித்திரமும் இல்லை. ஒரு காலத்தில் மஞ்சள் வெயிலாக மின்னியிருக்கும், இப்போது விளிம்பில் முலாம் தேய்ந்து உள்ளேயிருக்கும் செம்பு சிவந்து தெரிகிறது. திருப்பினால், நடுவில் ஒரு கம்பி வளையம், அதாவது பொத்தானின் காது. அதன் அடியில் கடுகளவு ஈயப் பற்று. அதைச் சுற்றி, புள்ளிகளால் ஆன இரண்டு வட்டங்களுக்கு நடுவே, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படிக்கும்படியான பொடி எழுத்தில், ‘மும்முறை பொன் பூசியது, தரமான நிறம்’ என்று பொருள்படும் ஆங்கில வாசகம். பர்மிங்காம் நகரத்துச் சரக்கு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது.

இந்த வாசகம் எப்படி வந்தது? பர்மிங்காமில் பொத்தான் தொழில் பெருகியபோது, பொன் முலாம் என்று சொல்லி வெறும் பித்தளையை மெருகிட்டு விற்கிறவர்களும் பெருகினார்கள். நாணயமான உற்பத்தியாளர்களே முறையிட்டதன்பேரில், 1796-இல் ஆங்கிலப் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. ஓர் அங்குல விட்டமுள்ள பொத்தான்களில் ஒரு குரோசுக்கு, அதாவது 144-க்கு, 5 கிரெயின் பொன்னாவது ஏறியிருந்தால்தான் அதைப் பொன் பூசியது என்று சொல்லலாம். ஐந்து கிரெயின் என்பது நம் தட்டார்களின் கணக்கில் மூன்று குன்றிமணிக்கும் குறைவு. மூன்று குன்றிமணிப் பொன்னை 144 பொத்தான்களுக்குப் பங்கிட்டு, அதன் பிறகும் அதைப் பொன் என்று சொல்ல ஒரு சட்டம் அனுமதி கொடுத்தது என்றால், அதற்கு முன் நடந்த வியாபாரத்தின் லட்சணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்! அதன்பின் பொத்தானின் முதுகுகள் வாயாடத் தொடங்கின: இருமுறை பூசியது, மும்முறை பூசியது, மிக உயர்ந்த ரகம், செழுமையான நிறம் என்று எத்தனையோ சுயபுராணங்கள். சொன்னபடி உண்மையில் பொன் ஏறியதா என்பதை, தேய்ந்த விளிம்பைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அவ்வளவு சொற்பப் பொன்னை அவ்வளவு பரப்பில் எப்படிப் படரவிட்டார்கள் என்பது கேட்கத் தகுந்த கேள்வி. பொன்னைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய்போன்ற ஒரு குழம்பாக்குவார்கள். செம்புப் பொத்தான்களை முதலில் பாதரச திராவகத்தில் புரட்டி, பிறகு இந்தக் குழம்பைப் பூசி, உலையின் மீது வாட்டினால், பாதரசம் ஆவியாகப் போய்விடும். பொன் மட்டும் மங்கலாகப் படிந்து நிற்கும். பிறகு ரத்தக்கல் என்று சொல்லப்படும் இரும்புத் தாதுக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஆவியாகப் போன பாதரசம் எங்கே போயிற்று? உலையருகில் நின்றவர்களுடைய நுரையீரலுக்குள் போயிற்று. கை நடுக்கமும் பல் உதிர்வும் அந்தத் தொழிலாளருக்கு வழக்கமான வியாதிகள். 1840-இல் பர்மிங்காமைச் சேர்ந்த எல்கிங்டன் குடும்பத்தார் மின்சாரத்தால் முலாம் ஏற்றும் முறைக்கு உரிமை பெற்ற பிறகுதான் இந்த விஷப்புகை படிப்படியாகக் குறைந்தது. சேகரிப்போர் 1830 முதல் 1850 வரை உள்ள காலத்தைப் பொன் பொத்தான்களின் பொற்காலம் என்று கொண்டாடுகிறார்கள். உலையருகில் நின்றவர்கள் அந்தப் பெயரை ஒப்புக்கொண்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

பர்மிங்காமைச் சொல்லும்போது மாத்யூ போல்டனைச் சொல்லாமல் போக முடியாது. நீராவி யந்திரத்தின் சரித்திரத்தில் ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளியாக நாம் அறிந்திருக்கிற அதே போல்டன்தான், அதற்கு முன்பே சோஹோ என்ற இடத்தில் பெரிய உற்பத்திசாலை நிறுவி, வைரம்போல் பட்டை தீட்டிய எஃகுப் பொத்தான்களைச் செய்தவர். வெட்ஜ்வுட் என்ற புகழ்பெற்ற குயவர் செய்த நீலமும் வெள்ளையுமான பீங்கான் வில்லைகளை எஃகுச் சட்டத்தில் பதித்து விற்றவரும் அவரே. யந்திர யுகத்தின் மூலதனத்தில் பொத்தானுக்கும் ஒரு பங்கு உண்டு.

அதே இங்கிலாந்தில், யந்திரம் மற்றொரு விதமாகவும் வேலை செய்தது. தெற்கே டார்செட் என்ற மாவட்டத்தில், 17-ஆம் நூற்றாண்டில் ஏபிரகாம் கேஸ் என்பவர் ஷாஃப்ட்ஸ்பரியில் தொடங்கிவைத்த நூல் பொத்தான் தொழிலில், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஈடுபட்டிருந்தார்கள். முதலில் ஆட்டுக்கடாவின் கொம்பை வில்லையாக அறுத்து அதன்மீது நூலைச் சுற்றினார்கள். பின்னாளில் மெல்லிய கம்பி வளையம் வந்தது. வளையத்தின்மீது நெருக்கமாக முடிச்சிட்டு மூடி, அந்த முடிச்சுகளின் முரட்டு முனையை உட்பக்கம் திருப்பி, சக்கரத்தின் ஆரங்களைப்போல் நூலைக் குறுக்கே ஓட்டி, நடுவில் ஒரு சிலுவைத் தையலால் எல்லா ஆரங்களையும் ஒன்றாகப் பிணைத்து, அந்த மையத்திலிருந்து சிலந்தி வலையாக வெளிநோக்கிப் பின்னிக்கொண்டே வந்தால் ஒரு பொத்தான் முடியும். இந்தப் பொத்தானுக்கு மட்டும் நான் சொன்ன விதி பொருந்தாது. முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கையால் முழுவதும் செய்த பொருளுக்கு மறைக்க வேண்டிய பக்கம் இல்லை போலும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், துணி போர்த்த பொத்தான்களைப் படபடவென்று தள்ளும் ஆஷ்டன் என்பவரின் யந்திரம் வந்தது. 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியிலும் அது இடம் பெற்றது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளாகவே டார்செட்டின் பொத்தான்காரிகள் வேலையிழந்தார்கள். பல குடும்பங்கள் கடல் கடந்து கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயின.

பீங்கான் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. உலர்ந்த களிமண் பொடியை அச்சில் அழுத்திச் சுடும் முறைக்கு ரிச்சர்டு பிராசர் என்ற ஆங்கிலேயர் 1840-இல் உரிமை பெற்றார். அதைப் பிரான்சிலே பாப்தெரோஸ் என்பவர் செம்மைப்படுத்தி, ஒரே அழுத்தில் 500 பொத்தான் விழும்படி செய்து, பிரியார் என்ற ஊரையே பொத்தான் ஊராக்கிவிட்டார். பொடி நன்றாக ஒட்டுவதற்காக அவர் சேர்த்த பொருள் என்ன தெரியுமா? பால். இந்தப் பொத்தானைக் கண்ணாடிப் பொத்தான் என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் அநேகர். திருப்பிப் பார்த்தால் ஆரஞ்சுப் பழத் தோலைப்போல் பொடிக் குழிகள் இருக்கும், ஐயம் தீர்ந்துவிடும். அக்காலத்துச் சீட்டித் துணிகளின் பூவேலையையே இவற்றில் அச்சடித்து, சட்டைக்கு ஏற்ற பொத்தானாக விற்றார்கள். துணிகள் மக்கிப் போன பிறகு அந்தப் பூக்கள் இவற்றில் மட்டுமே பிழைத்திருக்கின்றன.

இப்போது நான் மிகவும் விரும்பும் பகுதிக்கு வருகிறேன். சலவைக்குப் போய்த் திரும்பிய பழைய வெள்ளைச் சட்டைகளில் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கும் முத்துச்சிப்பிப் பொத்தான். இது எல்லாமே கடலிலிருந்து வந்தது என்று நம்மவர் நினைப்பது வழக்கம். ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்திலிருந்து தட்டளவு பெரிய சிப்பிகள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பொத்தானுக்காகவே போய்க்கொண்டிருந்தன என்பது உண்மைதான். நம்முடைய மன்னார் வளைகுடாச் சிப்பிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது சிறியது, ஓடு மெலிந்தது. முத்துக்குப் பேர்போன அதில் பொத்தான் அறுக்கும் கனம் கிடையாது. தூத்துக்குடிச் சங்குகூட வங்காளத்து வளையற்காரர்களிடம் போயிற்றே தவிரப் பொத்தான்காரரிடம் போகவில்லை. ஆனால் இந்தியாவிலேயே, பீகாரில், சம்பாரண் பகுதியைச் சேர்ந்த மேஹ்சி என்ற ஊரில், ஆற்றுச் சிப்பியை அறுத்துப் பொத்தான் செய்யும் தொழில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. ஆற்றிலே விளையும் சிப்பியாலும் முத்துப் பொத்தான் செய்யலாம் என்பதை உலகம் அறியக் காரணமாக இருந்தவர் ஒரு ஜெர்மானியர்.

அவர் பெயர் ஜான் பெப்பிள். ஹாம்பர்க் நகரை அடுத்த ஓட்டென்சனில், கொம்பிலும் சிப்பியிலும் பொத்தான் கடைந்து பிழைத்தவர். அமெரிக்க ஆற்றுச் சிப்பிகள் கனத்தவை, பொத்தானுக்கு ஏற்றவை என்று கேள்விப்பட்டு 1887-இல் கப்பலேறினார். 1890-இல் அமெரிக்கா வெளிநாட்டுப் பொத்தான்மீது கடுமையான சுங்கவரி விதித்தது. மறு வருஷமே, அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள மஸ்கட்டீன் என்ற ஊரில் பெப்பிள் தம் பட்டறையைத் தொடங்கினார். 1905-இல் அந்த ஒரே ஊர் ஆண்டுக்கு 150 கோடிப் பொத்தான் செய்தது. உலகத்துப் பொத்தான்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தங்கள் ஊரில் ஆனவை என்று அவ்வூரார் பெருமை பேசுவார்கள்.

அங்கே ஆற்றில் சிப்பி எடுப்பவர்கள் அவற்றுக்கு வைத்த பெயர்கள் வேடிக்கையானவை: துவைபலகை, பன்றிவிரல், குரங்குமுகம். பிடித்த சிப்பியை அவித்து, சதையை நீக்கி, உள்ளே முத்து உண்டா என்று ஒரு தடவை ஆசையோடு பார்த்துவிட்டு, ஓடுகளைப் பீப்பாயில் சில நாட்கள் ஊறவைப்பார்கள். ஊறாத ஓடு அறுக்கும்போது தெறித்துவிடும். குழாய் வடிவான ரம்பத்தின் முன்னே ஓட்டைப் பிடித்தால், வட்ட வில்லைகள் ஒவ்வொன்றாக விழும். பிறகு முதுகைத் தேய்த்துச் சமன் செய்து, முகத்தைக் கடைந்து, துளையிட்டு, மெருகேற்ற வேண்டும். அறுத்து முடித்த ஓடு ஒன்று என்னிடம் இருக்கிறது. உள்ளங்கையை நிறைக்கும் அந்த ஓட்டில் ஏழு வட்டத் துளைகள், தடித்த கீல் பக்கத்தில் நெருக்கமாகவும் மெலிந்த ஓரத்தில் ஒன்றும் இல்லாமலும். அறுத்தவன் ஒரு தானியம் வீணாக்காத சம்சாரியைப்போல் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறான். அதைப் பார்த்த பிறகு பொத்தானைத் திருப்பினால், சில பொத்தான்களின் முதுகு ஏன் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, சிலவற்றில் ஏன் மஞ்சள் ரேகை ஓடுகிறது என்பது விளங்கும்: ஓட்டின் வளைவும் அதன் வெளித்தோலும் முழுதும் தேய்க்கப்படாமல் நின்றுவிட்டன. முகத்தில் வானவில் நிறங்கள் அலையடித்தால் கடல் சிப்பி. பால்போன்ற அடக்கமான வெண்மையாக இருந்தால் பெரும்பாலும் ஆற்றுச் சிப்பி.

ஓட்டை அறுத்தவன் அப்படிக் கணக்குப் பார்த்ததற்குக் காரணமும் உண்டு. கூலி குரோசுக் கணக்கில். குரோசு என்றால் 12 டஜன் என்பது உலகம் அறிந்தது. மஸ்கட்டீன் முதலாளிகளோ உடைந்தவற்றுக்கு ஈடு என்று சொல்லி 14 டஜன் எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு குரோசுக்குக் கூலி கொடுத்தார்கள். ரம்பத்தின்மேல் எந்நேரமும் தண்ணீர் தெளிப்பதால் கை ஊறிப் புண்ணாகும்; சிப்பித் தூள் மூச்சில் ஏறும்; பெண்களும் குழந்தைகளும் வீட்டில் உட்கார்ந்து அட்டையில் பொத்தான் தைத்தார்கள். 1911-இல் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தப் போராட்டத்தில் முன் நின்றவர்களில் ஒருத்தி பேர்ல் மெக்கில் என்ற பதினாறு பதினேழு வயதுப் பெண். பேர்ல் என்றால் முத்து. இப்படிப்பட்ட பொருத்தங்களைக் கதாசிரியன் எழுதினால் நாம் நம்ப மாட்டோம்.

ஆறும் களைத்துப்போயிற்று. ஆற்றுச் சிப்பியின் குஞ்சு மீனின் செவுளில் சில காலம் ஒட்டிக்கொண்டு வளர்ந்தாலன்றிப் பிழைக்காது. ஆகவே சிப்பியையும் அள்ளி மீனையும் குறைத்தால் விதையே அற்றுவிடும். சர்க்கார், ஃபேர்போர்ட் என்ற இடத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்து, மீன்களின் செவுளில் சிப்பிக் குஞ்சுகளை ஒட்டவைத்து ஆற்றில் விட்டுப் பார்த்தது. தம் தொழிலைப் பெரிய கம்பெனிகளிடம் பறிகொடுத்திருந்த பெப்பிள், கடைசிக் காலத்தில் அந்த நிலையத்துக்காகச் சிப்பிப் படுகைகளைத் தேடி ஆறு ஆறாக இறங்கினார். ஒருநாள் சிப்பி ஒன்று அவர் பாதத்தைக் கிழித்தது. புண் புரையோடி 1912-இல் அவர் உயிர் நீத்தார். சிப்பிப் பொத்தான் தொழிலை அதன்பின் முழுதாக முடித்துவைத்தவை பிளாஸ்டிக்கும் சலவை யந்திரமும். சோப்பும் வெந்நீரும் சுழற்சியும் சேர்ந்தால் சிப்பிப் பொத்தான் தாங்காது.

கறுப்புப் பொத்தான்களைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்வேன். 1861-இல் கணவரை இழந்த விக்டோரியா, தம் ஆயுள் முழுவதும் கறுப்பு உடுத்தினார். அரசி உடுத்தியதை ஊரும் உடுத்தியது. இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் கிடைக்கும் கரிமரக் கல்லில் கடைந்த அசல் துக்கப் பொத்தான் விலை மிகுந்தது. மற்றவர்களுக்காகப் பொஹீமியாவின் காப்லோன்ஸ் நகரத்தார் கறுப்புக் கண்ணாடியில் கோடிக்கணக்காகச் செய்து அனுப்பினார்கள். இன்று வியாபாரிகள் எல்லாக் கறுப்புப் பொத்தானையும் கல் என்றே சொல்லி விற்கிறார்கள். கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள்: கண்ணாடி சில்லென்று இருக்கும், கனமாகவும் இருக்கும்; கரிமரக் கல் இலேசு, குளிர்ச்சி தெரியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நகரத்து ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டபோது, பவேரியாவில் புதிய காப்லோன்ஸ் என்றே ஒரு குடியிருப்பை அமைத்து மறுபடியும் உலை மூட்டினார்கள். அட்டையின் மூலையில் ‘மேற்கு ஜெர்மனி’ என்று அச்சிட்டிருந்தால், அது அவர்கள் வேலையாக இருக்கக்கூடும்.

உடுப்புப் பொத்தான்களில்தான் நம் ஊருக்கு நேரான சம்பந்தம் உண்டு. சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய், போலீஸ்காரர், ரயில்வே சிப்பந்தி ஆகியோர் சட்டைகளிலிருந்த பித்தளைப் பொத்தான்களை ஒரு காலத்தில் மூர் மார்க்கெட்டுப் பழைய சாமான் கடைகளில் பிடியாக அள்ளிக் கொடுப்பார்கள். முதுகில் லண்டன், பர்மிங்காம் கம்பெனிகளின் பெயர் இருக்கும். கம்பெனி தெருவை மாற்றினால் முத்திரையிலும் விலாசம் மாறும். ஆகவே பழைய விலாசப் புத்தகம் ஒன்று கையில் இருந்தால் பொத்தானின் வயதைச் சில ஆண்டுகளுக்குள் கணித்துவிடலாம். இந்த உடுப்புப் பொத்தான்களைச் சுற்றிப் பொய்யும் நிறைய உண்டு. 1812-இல் ருஷ்யக் குளிரில் நெப்போலியனுடைய வீரர்களின் வெள்ளீயப் பொத்தான்கள் பொடியாகி உதிர்ந்ததால்தான் அந்தப் படை அழிந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கடுங்குளிரில் வெள்ளீயம் சாம்பல் நிறப் பொடியாக மாறும் என்பது ரசாயன உண்மை. ஆனால் அது மெல்ல நடக்கும் காரியம். லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் 2001-இல் கண்டெடுத்த பெருங்குழியில், அந்தப் படையைச் சேர்ந்த 3,000-க்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. இறந்தவர்கள் எந்தெந்தப் படைப்பிரிவினர் என்பதை ஆராய்ச்சியாளர் கண்டுகொண்டதே, அவர்களோடு கிடந்த எண் பொறித்த பொத்தான்களைக் கொண்டுதான். உதிர்ந்துபோனதாகச் சொல்லப்பட்டவையே சாட்சி சொல்ல எஞ்சின!

சேர்க்க விரும்புகிற இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். பித்தளைப் பொத்தானைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். முலாம் என்று மிஞ்சியிருக்கும் சொற்பமும் புளியோடு போய்விடும். முழுச் சட்டையோ கோட்டோ கிடைத்தால் அதிலிருந்து பொத்தானை அறுக்காதீர்கள். எலும்பா தந்தமா என்ற ஐயம் வந்தால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். எலும்பில் ரத்தம் ஓடிய துவாரங்கள் கரும்புள்ளியாகவோ கீற்றாகவோ தெரியும். பழைய பிளாஸ்டிக் வகைகளை மூக்கால் அறியலாம்: வெந்நீரில் காட்டி எடுத்து முகர்ந்தால், பேக்லைட்டில் கார்பாலிக் நெடி வரும்; பாலிலிருந்து செய்த கேசீன் பொத்தானில் காய்ந்த பாலின் வாசனை; செல்லுலாய்டில் கற்பூரம். பழைய புத்தகங்கள் சொல்வதுபோல் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திச் சோதிக்க வேண்டாம். செல்லுலாய்டு, வெடிபஞ்சுக்கு நெருங்கிய உறவு, குப்பென்று பற்றிக்கொள்ளும். அது கெடத் தொடங்கினாலோ, புளித்த ஆவியை வெளிவிட்டு, பக்கத்திலுள்ள உலோகப் பொத்தான்களையும் துருப்பிடிக்கச் செய்துவிடும். ஆதலால் அதை மூடிய டப்பாவில் மற்றவற்றோடு சேர்த்து வைக்கலாகாது.

கூட்டம் முடிந்ததும் இந்த மேசையிலுள்ள தட்டுகளை நீங்கள் எல்லோரும் தாராளமாக வந்து பார்க்கலாம். அட்டையில் ஒன்றையும் தைத்து வைக்கவில்லை, ஆகையால் எடுத்துத் திருப்பியும் பார்க்கலாம். செல்லுலாய்டுத் தட்டை மட்டும் ஜன்னலோரத்தில் தனியே வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் சுருட்டையும் பீடியையும் அணைத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.